விளக்கு வைப்பதற்குள் ஒரு கிண்ணம்

“வாயைத் தொறங்க டீச்சர்,” என்றாள் அஞ்சலாட்சி.

திறந்தேன். கரண்டி உள்ளே வந்தது. நாக்கின் நடுவில் விழ வேண்டிய கேப்பைக் கஞ்சி நேராகத் தொண்டையில் போய் விழுந்தது. இருமினேன்.

“தப்பு. மறுபடி,” என்றேன்.

திண்டிவனத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கூடத்தில் நடந்த கூத்து இது. என் மகள் பத்மாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவளைப் போலவே கழுத்தை இடது தோள் பக்கம் சாய்த்து, இரண்டு கைகளையும் மடக்கி மார்போடு ஒட்டி வைத்திருந்தேன். நிஜப் பத்மா பாயில் தலையணைகளுக்கு நடுவே கிடந்தபடி, அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு பதினெட்டு வயது இருக்கும்.

அஞ்சலாட்சி மறுபடி ஊட்டினாள். இந்த முறை கரண்டி பல்லில் இடித்தது.

“தப்பு.”

“இன்னா டீச்சர், சும்மா தப்பு தப்புன்னே சொல்லிக்கினு இருக்கீங்க? கிண்ணம் காலியாயிடுச்சி. உங்களுக்கே வயிறு ரொம்பியிருக்கும்.”

உண்மைதான், வயிறு நிறைந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. அது ஞாபகம் வந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்னொரு கிண்ணம் கஞ்சி கலக்கிக்கொண்டு வரச் சொன்னேன்.

எதற்காக இந்தப் பாடம்

பத்மா பிறந்ததும் அழவில்லை. தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் மாவட்டமான வருஷம் அது. ஊரே மாவட்டம் பிறந்ததைப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் குழந்தையின் கழுத்து எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்து முழுதாக நிற்கவே இல்லை. பேச்சும் வரவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரும்பாடு விழுங்குவதுதான். தண்ணீர் போல இருப்பது எதுவும் அவளுக்கு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கெட்டியாக இருந்தால் தொண்டையில் நிற்கும். அதனால் எல்லாமே கேப்பைக் கஞ்சிப் பதம். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே கீழே தாழ்த்தி, அரைக் கரண்டி வைத்து, அவள் விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு கிண்ணம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அத்தனை வருஷங்களும் ஊட்டியவள் நான் ஒருத்திதான். என் கணவர் விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் ரயிலேறி இருட்டிய பிறகு வருவார். பத்மா சின்னவளாக இருந்தபோது ஒருநாள் அவர் ஊட்டும்போது புரையேறி, உதடு நீலமாகிவிட்டது. அதன் பிறகு அவர் அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. குளிப்பாட்டுவார், தூக்குவார், துணி மாற்றுவார். கிண்ணத்தைக் கண்டால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

இந்த நிலையில் என் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. உதிரப்போக்கோடு இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். கடைசியில் புதுச்சேரி டாக்டரம்மா, “உங்க பொண்ணுக்கு அம்மா வேணும்னா இப்பவே வந்து படுங்க,” என்று கறாராகச் சொல்லிவிட்டார். பத்து நாளாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பிறகும் பல மாதம் எதையும் தூக்கக் கூடாது.

அந்தப் பத்து நாள் பத்மாவுக்கு யார் ஊட்டுவது?

பிரிச்சுத் தை

போன வாரம் இந்தப் பத்தியில் என் தையல் வகுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பழைய மாணவி போன் செய்தாள். “டீச்சர், உங்க பட்டப்பேரை மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே,” என்று சிரித்தாள். எழுதிவிடுகிறேன். பெண்கள் பள்ளியில் எனக்குப் பேர் ‘பிரிச்சு டீச்சர்’.

பொத்தான் காஜா ஒரு நூல் கோணலாக இருந்தாலும் “பிரிச்சுத் தைடி” என்பேன். ஹெம்மிங்கில் தையல் வெளியே தெரிந்தால் பிரிச்சுத் தை. நன்றாக இருக்கிறது என்று அவளே நினைத்துக்கொண்டு வந்து நீட்டினால், அந்த நினைப்புக்காகவே பிரிச்சுத் தை. சில பெண்கள் ஒரே துணியைப் பிரித்துப் பிரித்து அது கந்தலாகிப் போனதும் உண்டு. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. துணிதானே, மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் தொண்டையில் இறங்கியதைப் பிரித்துத் தைக்க முடியாதே. அதனால் பத்மா விஷயத்தில் நான் இன்னும் பொல்லாதவள் ஆனேன். ஆள் தேடத் தொடங்கியதும் ஒருத்தி வந்தாள், வேகமாக ஊட்டினாள். இன்னொருத்தி பேசிக்கொண்டே ஊட்டினாள். மூன்றாவதாக வந்தவள் பேசாமலே ஊட்டினாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மூவரையும் அனுப்பிவிட்டேன். ஆப்பரேஷனும் தள்ளிப்போனது.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பழமொழியைச் சொன்னவர் யாரோ, அவரைப் பார்த்தால் என் வீட்டுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் அகப்பட்டவள்தான் அஞ்சலாட்சி. எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் ஆயா. என் வயதுதான் இருக்கும். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்து, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். உரத்த குரல். கடலோரத்தில் வளர்ந்தவர்கள் அலையை மீறிப் பேசிப் பழகிவிடுகிறார்கள் போலிருக்கிறது. அவளாகவே வந்து, “நான் பாத்துக்கறேன் டீச்சர். போயி ஒடம்பப் பாருங்க,” என்றாள். சம்பளம் பற்றிக்கூட அப்போது கேட்கவில்லை.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் எனக்கு ஊட்டிக் காட்டச் சொன்னேன்.

எங்கள் வீட்டுச் சாயங்காலம்

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். என் பிறந்த ஊர் மேல்சித்தாமூர். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். விளக்கு வைப்பதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். என் கணவர்கூட ரயிலிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக்கொண்டு வருவார்.

பத்மாவுக்கும் அதே கணக்குதான். பள்ளி விட்டு ஓடி வந்து முகம்கூடக் கழுவாமல் கிண்ணத்தோடு உட்காருவேன். கூடத்து ஜன்னலில் வெயில் இருக்கும்போது ஆரம்பித்தால், வெயில் சுவரேறி மறைவதற்குள் கடைசிக் கரண்டி இறங்கியிருக்கும்.

ஒரு தேர்த் திருவிழாவுக்கு அவளைச் சித்தாமூருக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். மடத்துக்குப் பக்கத்தில் உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். வழக்கமாக அவர்கள் பத்மாவைப் பார்த்ததும் உச்சுக்கொட்டுவார்கள். அவளைப் பற்றிக் கேட்க அவர்களிடம் கேள்வியே இருக்காது. படிக்கிறாளா என்று கேட்க முடியாது. என்ன சமைப்பாள் என்று கேட்க முடியாது. அன்று என் பெரியம்மா மகள்தான், “ஜெயா, இதுக்கும் பொழுதோடதான் ஊட்டறியா?” என்றாள்.

“ஒருநாள்கூடத் தவறினதில்லை,” என்றேன்.

“அப்பா! நல்லா இருக்கிற எங்க வீட்டுப் பசங்களே ராத்திரி பரோட்டா திங்கறானுங்க. உன் பொண்ணு ஒழுங்கா இருக்கிறாளே!”

என் மகளை யாரோ மெச்சிப் பேசி அன்றுதான் கேட்டேன். அவளும் ஒன்றைச் சரியாகச் செய்கிறாள், ஒழுங்கான பெண் என்று பேரெடுக்கிறாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவளை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுதும் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

எல்லாமே முக்கியம்

அஞ்சலாட்சிக்கு மூன்று வாரம் சொல்லிக்கொடுத்திருப்பேன். பள்ளி விட்டதும் என்னோடு நடந்து வருவாள்.

முகவாய் தாழ்ந்திருக்க வேண்டும் என்றேன். அரைக் கரண்டிதான் என்றேன். கரண்டியை நடு நாக்கில் வை, பல்லில் இடிக்காதே. கஞ்சியைப் புறங்கையில் விட்டுச் சூடு பார். வாயைத் துடைக்கும்போது கீழிருந்து மேலே துடை. தொண்டைக்குழி ஏறி இறங்கியதா பார். ரயில் ஊதினால் சிரிப்பாள், அப்போது ஊட்டாதே. கிண்ணத்தை இடது பக்கம் வை. மீன் தொட்ட கையோடு வராதே.

“மீனத் தொடாம நான் எப்டி டீச்சர் இருக்கறது? என் வூட்டுக்காரரு என்ன வூட்ட வுட்டே தொரத்திடுவாரு.”

“சீயக்காய் போட்டுக் கழுவிக்கிட்டு வா.”

கழுவிக்கொண்டுதான் வந்தாள். நான் அவள் விரலை முகர்ந்து பார்த்து மறுபடி கழுவ அனுப்பினேன். போனாள், முணுமுணுத்துக்கொண்டே கழுவிக்கொண்டு வந்தாள். இதைச் சகிக்க அவளுக்கு என்ன தலையெழுத்து என்று இப்போது தோன்றுகிறது.

“நீ சொல்றதுல எது ரொம்ப முக்கியம், எது ஆனா சரி ஆகாட்டா சரி?” என்று ஒருநாள் என் கணவர் கேட்டார்.

“எல்லாமே முக்கியம்தான்.”

“கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும் ஜெயா? அவ கை அவ கைதான். உன் கை ஆகாது.”

“கிண்ணத்தைத் தொடாதவங்க பேசக் கூடாது,” என்றேன்.

புதுச்சேரிக்குக் கிளம்பும் காலையில் கார் வாசலில் நின்றது. பத்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஏறப் போனவள் திரும்பி வந்து, அஞ்சலாட்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன்.

“பொழுதுக்குள்ள முடிச்சிடு, அஞ்சலாட்சி.”

மேகம்

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் வந்த என் கணவரிடம் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டாளா?” என்பதுதான். சாப்பிட்டாள் என்றார். அதற்கடுத்த நாளும் சாப்பிட்டாள் என்றார். பிறகு ஒருநாள் அவர் வரவே இல்லை. அதற்கு மறுநாள் வந்தார்.

“சாப்பிட்டாளா?”

“ம்.”

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சட்டையில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. நானும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன், ஆனால் அது வேறு ஆஸ்பத்திரி வாசனை. அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுந்து உட்காரப் பார்த்தேன். தையல் இழுத்தது. “சொல்லுங்க,” என்று கத்தினேன். அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வராத நாளுக்கு முந்தின சாயங்காலம் மேகம் மூடிக்கொண்டு வந்திருக்கிறது. கிண்ணத்தில் பாதி இருக்கும்போதே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. அஞ்சலாட்சி அவசரப்பட்டிருக்கிறாள். பத்மாவுக்குப் புரையேறி, மூச்சு நின்று, உடம்பு விறைத்துவிட்டது. இவள் அவளைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அடித்திருக்கிறாள். மூச்சு வந்தது. ஆனால் கஞ்சி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. விடிவதற்குள் காய்ச்சல். உள்ளூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள்.

நான் போக வேண்டும் என்றேன். விடவில்லை. என் மகள் திண்டிவனத்தில் குழாயோடு கிடந்தாள், நான் புதுச்சேரியில் தையலோடு கிடந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை.

வாசலில் நின்றவள்

நான் வீடு திரும்பினேன். பத்மாவும் திரும்பினாள், பாதி உடம்பாக. இருமல் அவளோடேயே வந்துவிட்டது. அது பிறகு போகவே இல்லை.

அன்று சாயங்காலம் அஞ்சலாட்சி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன்.

“ஏன் அவசரப்பட்ட?”

“பொழுது போயிடுச்சி டீச்சர்.”

“போனா போகட்டும்! தொண்டை இறங்கிச்சான்னு பார்க்கச் சொன்னேனா இல்லையா? அதை விட்டுட்டு எதைப் பார்த்த?”

“ஜன்னலத்தான் பாத்தேன்.” அவள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. “நீங்க கார்ல ஏறப் போறப்ப திரும்பி வந்து, என் கையப் புடிச்சிக்கினு அத்த ஒண்ணுதான சொல்லிட்டுப் போனீங்க. அதான் எல்லாத்தியும்வுட பெருசுன்னு நெனச்சேன். அந்தப் புள்ளக்கி அது தப்பிடக் கூடாதுன்னு ஜல்தி ஜல்தியா குட்த்துட்டேன்.”

“எது முக்கியம்னு உனக்குத் தெரிய வேண்டாமா?”

“எனக்கு எப்டித் தெரியும் டீச்சர்? நீங்கதான் எல்லாமே முக்கியம்னீங்க.”

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. என்னையும்தான். நூறு பேருக்குப் பாடம் நடத்தியவள், எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லி, கடைசியில் உயிர் போகும் விஷயத்தை விட்டுவிட்டு ஊர் மெச்சும் விஷயத்தைக் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். நான் எப்போதாவது ஒரு துணியைக் கிழித்தேன் என்றால் அது இதுதான். இதைப் பிரிக்கவும் முடியாது.

உள்ளே பத்மா பசியில் முனகினாள். என்னால் அவளை நிமிர்த்தக்கூட முடியாது. என் கணவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். வேறு யாரும் இல்லை.

“உள்ள வா,” என்றேன்.

ஒன்றே ஒன்று

அன்று ஒன்றுதான் சொன்னேன். “அவ தொண்டைக்குழியைப் பார். ஏறி இறங்கணும். இறங்கின பிறகுதான் அடுத்த வாய். மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும்.”

“பொழுது?”

“போகட்டும்.”

அஞ்சலாட்சி ஊட்டினாள். கரண்டி நிறைய எடுத்தாள். கிண்ணத்தை வலது பக்கம் வைத்தாள். வாயை மேலிருந்து கீழே துடைத்தாள். அவள் புடவையிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. ஒவ்வொன்றுக்கும் என் நாக்கு நுனி வரை ‘தப்பு’ வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கண் மட்டும் பத்மாவின் தொண்டையை விட்டு நகரவில்லை.

ஜன்னலில் வெளிச்சம் சுவரேறியது, மறைந்தது. கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. அஞ்சலாட்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து போய் பல்பைப் போட்டேன்.

என் மகள் பிறந்ததிலிருந்து காத்து வந்த ஒரே ஒழுங்கு அந்த ஸ்விட்சோடு போயிற்று. அவளுக்கு அது தெரியாது. மஞ்சள் வெளிச்சத்தில் வாயைத் திறந்துகொண்டு அடுத்த கரண்டிக்காகக் காத்திருந்தாள். சித்தாமூருக்கு அதன் பிறகு நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பத்மாவின் உடம்பு பழையபடி தேறவில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் நெஞ்சில் சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அஞ்சலாட்சி ஊட்டும்போது வாரத்துக்கு ஒருமுறையாவது புரையேறியது. என் கைக்கு அவள் கை ஒருநாளும் ஈடாகவில்லை, ஆகவும் போவதில்லை. ஆனால் என் கை எத்தனை நாளைக்கு இருக்கும்? எனக்குப் பிறகு அந்த வாய்க்கு யாரோ ஒருத்தி தப்பாகத்தான் ஊட்டப்போகிறாள். அந்தத் தப்போடு என் மகள் எவ்வளவு நாள் இருப்பாளோ, அவ்வளவு நாள்தான். இது தெரிந்த பிறகு ராத்திரியில் எனக்கு நல்ல தூக்கம் என்று ஒன்று இல்லை.

தையல் ஆறி, நானே தூக்கி ஊட்டலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் அஞ்சலாட்சியை நிறுத்தவில்லை. காலையில் நான், சாயங்காலம் அவள். சாயங்காலம் நான் கூடத்தில் உட்காராமல் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தேன்.

முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டிலில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வெளியே கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். அஞ்சலாட்சி ஏதோ மீன்காரிச் சண்டையைச் சொல்லிக்கொண்டே ஊட்டுகிறாள். விழுப்புரம் போகும் ரயில் ஊதியது. பத்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

நான் எழுந்துவிட்டேன். கை தாழ்ப்பாளில் இருந்தது. இருமல் நீண்டது. அஞ்சலாட்சி முதுகில் தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிரத் திறக்கவில்லை. நான் செத்த பிறகு இந்தக் கூடத்தில் சாயங்காலம் இப்படித்தான் இருக்கும். கேட்டுப் பழகிக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருமல் நின்றது. வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு கரண்டி மறுபடி கிண்ணத்தில் பட்டது.

“டீச்சர், முடிஞ்சிடுச்சி,” என்று குரல் வந்தது. “வந்து பாக்கறீங்களா?”

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

“டீச்சர்?”

வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அஞ்சலாட்சி பத்மாவிடம் சொல்வது கேட்டது.

“உங்கம்மா தூங்கிட்டாங்க போல இருக்குது. வுடு, நம்பளே வாயத் தொடச்சிக்கலாம். வா.”